தொண்ணூற்றேழு சதவீதம்

என் வீட்டுக்காரர் அரிகிருஷ்ணனுக்குச் செஞ்சியில் உரக்கடை. யூரியாவும் டிஏபியும் விற்று முன்னுக்கு வந்த மனிதர். வந்ததோடு நின்றிருக்கலாம். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்களே, அதுபோல ஆனி மாதக் கடைசி நாளில் கரண்டில் ஓடுகிற காரை வாங்கிக்கொண்டு வந்தார்.

வாங்கினாரே தவிர ஓட்டவில்லை. ஓட்டத் தெரியாமல் இல்லை, பழைய டீசல் வண்டியைப் பன்னிரண்டு வருஷம் ஓட்டியவர்தான். புதுச்சேரியிலிருந்து கம்பெனி ஆள் ஓட்டி வந்து எங்கள் ஷெட்டில் விட்டுப் போன மறுநாள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் புது வண்டி எடுக்கக் கூடாதாம். அப்படியானால் ஆவணியில் வாங்கியிருக்கலாமே என்று கேட்டேன். ஆனிக்குள் வாங்கினால்தான் கம்பெனிக்காரன் விலையில் சலுகை தருவானாம். ஆக, சலுகைக்கு ஆனி, சாஸ்திரத்துக்கு ஆவணி. நடுவில் முழுசாக ஒரு மாதம் அந்தக் கார் கழுத்தில் மாலையோடு ஷெட்டில் நின்றது. சக்கரத்துக்குக் கீழே வைத்த எலுமிச்சம்பழம் நான்கும் காய்ந்து புளியங்கொட்டை மாதிரி ஆகிவிட்டன. சாவியை மஞ்சள் துணியில் சுற்றிப் பூஜை அலமாரியில் வைத்திருந்தார்.

ஓட்டாத காரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? காட்டலாம். அவருடைய போனில் ஓர் ஆப் இருந்தது. அதைத் திறந்தால் வீட்டில் நிற்கிற காரில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது, கதவு பூட்டியிருக்கிறதா, உள்ளே எவ்வளவு சூடு என்றெல்லாம் தெரியும். கடைக்கு உரம் வாங்க வருகிறவன், கூட்டு ரோட்டில் டீ குடிக்கிறவன், அனந்தபுரத்திலிருந்து பேசுகிற பெரியம்மா மகன், யாரையும் அவர் விடவில்லை. "பாத்தியா, இங்க இருந்தே தெரியுது. தொண்ணூத்தியேழு பர்சன்ட்" என்று போனை மூக்குக்கு நேரே நீட்டுவார். சாப்பிட உட்கார்ந்தால் ஒரு தடவை, கை கழுவினால் ஒரு தடவை. பச்சைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் அனு பிறந்தபோதுகூட அவர் இவ்வளவு தடவை தொட்டிலை எட்டிப் பார்க்கவில்லை.

இந்தக் கூத்தெல்லாம் எனக்குப் பழகிப்போன விஷயம். இருபது வருஷம் குடித்தனம் செய்திருக்கிறேன். கோபப்படுவதை விட்டு ரொம்ப நாளாயிற்று. சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன்.

ஆனால் அனுவின் விஷயத்தில் அப்படிப் போக முடியவில்லை.

அனு பன்னிரண்டாவது முடித்து நர்சிங்குக்கு எழுதிப் போட்டிருந்தாள். முதல் சுற்றில் கிடைக்கவில்லை. இரண்டாம் சுற்றில், விழுப்புரத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசுக் கல்லூரியில் இடம் வந்தது. ஆடி முடிகிற வெள்ளிக்கிழமை கடிதம். அடுத்த வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு நேரில் வந்து சேர வேண்டும், தவறினால் இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அனு அந்தக் கடிதத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள். என்னையும் ஒரு காலத்தில் டீச்சர் டிரெயினிங்குக்கு எடுத்துக்கொண்டார்கள். என் நைனா நல்ல நாள் பார்த்துக்கொண்டே இருந்தார். நாள் வந்தபோது இடம் போய்விட்டது. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் திங்கட்கிழமையே பஸ் ஏறிவிடலாம் என்றேன். இவர் விடவில்லை. புது வண்டியின் முதல் ஓட்டம் மகளின் கல்லூரிக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டார். வண்டி எடுக்க நல்ல நாள் வியாழக்கிழமைதானாம். வியாழக்கிழமை தெற்கே சூலமாயிற்றே, விழுப்புரம் தெற்கேதானே இருக்கிறது என்று நானே மடக்கினேன். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. பரஸ்தானம் வைத்துவிடலாமாம்.

பரஸ்தானம் என்றால், போகிற நாள் சரியில்லாவிட்டால், அதற்கு முன்பே ஒரு நல்ல நேரத்தில் பயணத்துக்கான பொருள் எதையாவது வீட்டுக்கு வெளியே எடுத்து வைத்துவிடுவது. பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. சாமியை ஏமாற்ற மனிதன் கண்டுபிடித்த வழிகளில் இதுவும் ஒன்று. திங்கட்கிழமை காலையில் அனுவின் சான்றிதழ் ஃபைலுக்குக் குங்குமம் வைத்து, காரின் டிக்கியைத் திறந்து உள்ளே வைத்தார். மதிப்பெண் பட்டியல், டிசி, சாதிச் சான்றிதழ், நான் கையெழுத்துப் போட்ட சேர்க்கைப் படிவம், எல்லாமே அதில்தான். டிக்கியை மூடும்போது கார் ஒரு மாதிரி முனகியது. மங்கலச் சத்தம் என்றார்.

செவ்வாயும் புதனும் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தொண்ணூற்றேழு. எப்போது பார்த்தாலும் தொண்ணூற்றேழு. ரெண்டு நாளாக ஒரு பர்சன்ட்கூட இறங்கவில்லை, இதுதான் தரம் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னாராம்.

வியாழக்கிழமை எமகண்டம் ஏழரைக்கு முடிந்தது. ஏழு முப்பத்தைந்துக்குப் புது வேட்டியில், கையில் சாவியோடு ஷெட்டில் நின்றார். பூசணிக்காய் தயார், கற்பூரம் தயார். அனு தலைக்குக் குளித்துச் சுடிதார் போட்டுக்கொண்டு நின்றாள். இவர் சாவியில் இருந்த பொத்தானை அழுத்தினார்.

கார் அசையவில்லை. மறுபடி அழுத்தினார். டிவி ரிமோட்டை ஆட்டுவதுபோல் மேலே ஆட்டினார், கீழே ஆட்டினார், காருக்கு அந்தப் பக்கம் போய் அழுத்தினார், வேட்டியில் துடைத்துவிட்டு அழுத்தினார். கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். கதவும் திறக்கவில்லை, டிக்கியும் திறக்கவில்லை. பிறகு, இதற்குத்தான் காத்திருந்ததுபோல் போனை எடுத்தார்.

"சார்ஜ் இருக்குதுடி. தொண்ணூத்தியேழு காட்டுது. வண்டி நல்லாத்தான் இருக்குது. உனுக்குத்தான் பொறுமை இல்ல" என்றார். நான் வாயே திறக்கவில்லை.

எதிர்வீட்டு இராமச்சந்திரன் வந்து சேர்ந்தார். கரண்ட் ஆபீசில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தபோது ஒரு ஃபியூஸ் போட இரண்டு நாள் எடுத்துக்கொண்டவர், ஓய்வு பெற்ற பிறகு கூப்பிடாமலே வந்துவிடுகிறார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் இருக்கும். சார்ஜர் ஒயரைக் காரில் செருகச் சொன்னார். செருகினார்கள். ஒரு விளக்கும் எரியவில்லை. சுவரில் இருந்த பிளக்கில் டெஸ்டரை விட்டுப் பார்த்தார். அதில் எரிந்தது. முகவாயைத் தடவிக்கொண்டு, லோ வோல்டேஜ் என்று தீர்ப்புச் சொன்னார். அவர் முப்பது வருஷமாக எல்லோருக்கும் சொன்ன பதில் அது. பிறகு பிளக்கைக் கழற்றி ஒயரை மாற்றிப் போட்டார்கள். மறுபடி மாற்றிப் பழையபடி போட்டார்கள். அரை மணி நேரம் போயிற்று.

தெருவில் போன நான்கு பேர் உள்ளே வந்து காரைத் தள்ளிப் பார்த்தார்கள். தூங்குகிற எருமை மாதிரி அது இடத்தை விட்டு நகரவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டார். பாட்டெல்லாம் முடிந்து ஒரு பெண் பேசினாள். அவளிடம் இவர் ஆனி மாதத்திலிருந்து கதையைத் தொடங்கினார். வண்டியை ஏற்றிப்போக லாரி நாளைக் காலையில் வரும் என்று அவள் மரியாதையாகச் சொல்லி முடித்தபோது மணி எட்டே முக்கால்.

பத்து மணிக்காவது பஸ்ஸில் உட்கார்ந்தால்தான் பன்னிரண்டுக்குள் கல்லூரி வாசலை மிதிக்க முடியும். பஸ்ஸுக்கு எந்தக் குறையும் இல்லை, கூட்டு ரோட்டில் கால் மணிக்கு ஒன்று போகிறது. ஃபைல்தான் டிக்கிக்குள் இருக்கிறது. பரஸ்தானமாகப் புறப்பட்டுப் போனது அங்கேயே படுத்துவிட்டது.

நான் உள்ளே போய் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். கண்ணாடியை உடைத்து உள்ளே இறங்கி, பின் சீட்டைப் பெயர்த்தாவது எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். இவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு காருக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். உள்ளே நானூறு வோல்ட் இருக்கிறது, கல்லைப் போட்டால் எல்லோரும் சாம்பல் என்று இராமச்சந்திரன் கிணற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு சொன்னார். அது இவருக்கு நல்ல வசதியாகப் போயிற்று.

"முப்பதாயிரம் ரூவா கண்ணாடி அது. ஸ்பேர் வரவே ரெண்டு மாசம் ஆவும். இன்னா நெனச்சிக்கினு இருக்குற நீ?"

அனு முன்னால் வந்தாள். "நைனா, உள்ள இருக்குறது என் டிசி" என்றாள்.

"அதான் உள்ள பத்திரமா இருக்குதே" என்றார் இவர்.

இதற்கு மேல் ஒரு மனிதனிடம் என்ன பேசுவது? குழவியைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். மோனிகாவைக் கூப்பிட்டேன்.

திண்டிவனம் ரோட்டில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் கன்னியப்பனின் மகள் அவள். டிப்ளமோ எலக்ட்ரிகல் படித்து, ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டு, அப்பாவுக்குக் கண் மங்கியதும் வந்து கடையை எடுத்துக்கொண்டாள். எங்கள் வீட்டு இன்வெர்ட்டரை இரண்டு தடவை சரி செய்தவள் அவள்தான். காலையிலேயே அவள் பெயரைச் சொன்னேன், இவர் முகத்தைச் சுளித்தார். வாரண்டி போய்விடும் என்றார். அது பொய். அவர்கள் வீடு காலனியில் இருக்கிறது, அதுதான் விஷயம். பூஜை போட்டு வைத்த புது வண்டியில் முதன்முதலாக ஏறுவது அவளா என்று வாய்விட்டே கேட்டார், அதுவும் அனுவின் காது கேட்க. இவருடைய வண்டியில் ஏற ஊரே தவம் கிடக்கிறது என்று நினைப்பு.

பத்து நிமிஷத்தில் மோனிகா ஸ்கூட்டியில் வந்தாள். காலடியில் ஒரு பேட்டரி, தோளில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர். அவளுடைய தெருக்காரர்கள் இவரை முதலாளி என்று கூப்பிடுவார்கள். அவள் சார் என்பாள். அதிலும் இவருக்கு ஒரு மனக்குறை உண்டு.

சாவியைக் கேட்டு வாங்கினாள். அதன் பக்கவாட்டில் இருந்த சின்னப் பொத்தானை நகத்தால் தள்ளி, உள்ளேயிருந்து ஒரு சாதாரண இரும்புச் சாவியை உருவினாள். கதவுக் கைப்பிடியில் ஒரு மூடி இருந்தது, அதை நெம்பி எடுத்தாள். அங்கே ஒரு சாவித் துவாரம். செருகித் திருப்பினாள். கதவு திறந்துகொண்டது. ஒரு மாதமாக மஞ்சள் துணி சுற்றிக் கும்பிட்ட சாவிக்குள்ளேயே சாவி இருந்திருக்கிறது. அங்கிருந்த ஆண்பிள்ளைகள் யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பானெட்டைத் திறக்கிற பிடி உள்ளே ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்தது. மோனிகா குனிந்து உள்ளே போகப் போனாள். இவர் ஓடிவந்து, பொறு பொறு என்று தோளில் கிடந்த துண்டை எடுத்து சீட்டின் மேல் விரித்தார். அந்த சீட்டுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையையே அவர் இன்னும் கழற்றவில்லை.

மோனிகா துண்டைப் பார்த்தாள். "நான் ஒக்கார்ல சார். நின்னுக்கினே இழுத்துடுவேன்" என்றாள்.

நான் போய்த் துண்டை உருவி அவர் மூஞ்சியில் படுகிற மாதிரி வீசினேன். "உன் பொண்ணு படிப்ப எடுத்துக் குடுக்க வந்துகீறா அவ. வெக்கமா இல்ல உனுக்கு?" என்றேன். தெருக்காரர்கள் பார்க்க அவரை நான் ஒருமையில் பேசியது அன்றைக்குத்தான். அனு என் பக்கம் திரும்பி லேசாகச் சிரித்தாள். சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், அந்த நிமிஷம் என்னை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

பானெட்டுக்குள்ளே ஓரமாக, பைக்குக்குப் போடுவதைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பேட்டரி. மோனிகா மீட்டரை வைத்துப் பார்த்தாள். பன்னிரண்டு வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் நாலு இருந்தது. கொண்டுவந்த பேட்டரியைத் தரையில் வைத்து, சிவப்பு ஒயரை அதில் ஒரு முனையும் இதில் ஒரு முனையுமாகப் போட்டாள். கறுப்பைக் காரின் இரும்பில் கடிக்கவிட்டாள். சாம்பலாகிவிடப் பயந்த இராமச்சந்திரன் கிணற்றை விட்டு நகரவில்லை. கார் கண்ணைச் சிமிட்டியது. உள்ளே திரை எரிந்தது. மோனிகா ஒரு பொத்தானைத் தொட்டதும் டிக்கி தானாக மேலே எழும்பியது. அனு ஓடிப்போய் ஃபைலை எடுத்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்துவிட்டு மார்போடு அணைத்துக்கொண்டாள். மணி ஒன்பது நாற்பது.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஆப்பைத் திறந்து பார்ப்பீர்கள் என்று மோனிகா கேட்டாள். சும்மா பத்து இருபது தடவை என்றார் இவர். நான் இருநூறு என்றேன். நீங்கள் பார்க்கிறபோதெல்லாம் வண்டி விழித்துக்கொண்டு பதில் சொல்கிறது, அந்தப் பதிலுக்கான கரண்டைக் கொடுப்பது இந்தச் சின்ன பேட்டரிதான், வண்டி ஒரு மாதமாக ஓடவே இல்லை, ஓடினால்தானே இதில் சார்ஜ் ஏறும் என்றாள். பெரிய பேட்டரி சக்கரத்தைச் சுற்றத்தான். கதவைத் திறக்க, விளக்கு எரிய, அந்தப் பெரிய பேட்டரியையே எழுப்பிவிட, எல்லாவற்றுக்கும் இந்தப் பன்னிரண்டு வோல்ட்தான் வேண்டும்.

இவர் விடாமல் போனை நீட்டினார். தொண்ணூற்றேழு காட்டுகிறதே என்றார்.

"அது செவ்வாக்கெழம நின்ன நம்பர் சார், கீழ தேதி போட்டுக்கீது பாருங்க. அதுக்கப்புறம் வண்டி பதிலே சொல்லல. செத்துப்போனவன் போட்டோவப் பாத்துட்டு ஆளு நல்லா கீறான்னு சொல்லிக்கினு இருந்துகீறீங்க."

தெருக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். நான்தான் அப்பவே லோ வோல்டேஜ் என்று சொன்னேனே என்று கிணற்றுப் பக்கமிருந்து குரல் வந்தது. கம்பெனிக்காரன் இதையெல்லாம் சொல்லவே இல்லை என்று இவர் முணுமுணுத்தார். எல்லாம் புத்தகத்தில் போட்டிருக்கிறது என்றாள் மோனிகா. அந்தப் புத்தகம் காருக்குள்ளே உறை பிரிக்காமல் கிடந்தது. எனக்கு இருபது வருஷத்தில் இவ்வளவு குளிர்ந்த காலை வாய்த்ததில்லை.

ஆவணி வெயில் ஏறிவிட்டது. மோனிகா கையின் பின்புறத்தால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, கொஞ்சம் தண்ணி தர்றீங்களா?" என்று கேட்டாள்.

இதோ வருகிறேன் என்று உள்ளே ஓடினேன். சந்தோஷமாகத்தான் ஓடினேன். மண்பானைத் தண்ணீரையே மொண்டேன். காலையிலிருந்து கத்திக் களைத்த இரண்டு பேரும் வெளியே நிற்கிறார்களே என்று அவர்களுக்கும் சேர்த்துத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தேன். இராமச்சந்திரன் ஒன்றை எடுத்துக்கொண்டார். இவர் ஒன்றை எடுத்துக்கொண்டார். மோனிகாவிடம் தட்டை நீட்டினேன். அவள் உடனே எடுக்கவில்லை. அவள் எதைப் பார்க்கிறாள் என்று நானும் குனிந்து பார்த்தேன்.

தட்டில் ஒரு பேப்பர் கப் இருந்தது. அவர்கள் இருவர் கையிலும் எவர்சில்வர் டம்ளர்.

நான் யோசித்துச் செய்யவில்லை. அதுதான் கேவலம். என் கை தானாக அலமாரியின் கீழ்த்தட்டுக்குப் போயிருக்கிறது. லோடு இறக்குகிறவர்கள், பெயிண்ட் அடிக்கிறவர்கள், கழிவுநீர்த் தொட்டிக்கு வருகிறவர்கள், இவர்களுக்கென்று நூறு நூறாக வாங்கி வைக்கிற கப். நான் கல்யாணமாகி வந்த புதிதில் இந்த வீட்டு மாட்டுக் கொட்டகைக் கூரையில் ஓர் அலுமினிய டம்ளரைச் செருகி வைத்திருந்தார்கள். அது யாருக்கு என்று கேட்டு, மாமியாரோடு சண்டை போட்டு, குப்பையில் வீசியவள் நான். அதை அனுவிடம் பத்துத் தடவையாவது பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். பேப்பர் கப் வந்தபோது சுத்தம் என்று சொல்லிக்கொண்டேன். எதிர்வீட்டுக்காரர் வந்தால் அந்தச் சுத்தம் ஏன் ஞாபகம் வருவதில்லை என்று ஒரு நாளும் என்னை நான் கேட்டதில்லை. இன்வெர்ட்டர் பார்க்க வந்த இரண்டு தடவையும் மோனிகாவுக்கு எதில் தண்ணீர் கொடுத்தேன் என்று எனக்கு நினைவே இல்லை. அவளுக்கு இருந்திருக்கும்.

மோனிகா கப்பை எடுத்துக்கொண்டு செடிப் பக்கம் போனாள். அந்தத் தண்ணீரைக் கையில் ஊற்றி விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினாள். "கை கழுவத்தான்கா கேட்டேன்" என்றாள். குரலில் ஒன்றுமே இல்லை. டம்ளரில் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருந்தால் இன்னும் அசிங்கமாகப் போயிருக்கும்.

அனு என்னைப் பார்த்தாள்.

கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். இமை பாதி இறங்க, கீழுதடு ஒரு பக்கம் லேசாக இழுபட, கோபித்துக்கொள்ளக்கூடத் தகுதியில்லாத ஒன்றைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

வண்டிதான் எழுந்துவிட்டதே, எல்லோரும் ஏறுங்கள் என்றார் இவர். ரெண்டு மணி நேரமாவது அணைக்காமல் வைத்திருங்கள், நடுவில் அணைத்தால் மறுபடி எழுந்திருக்கும் என்று சொல்ல முடியாது என்றாள் மோனிகா. அனு இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளாமல் ஸ்கூட்டி பக்கத்தில் போய் நின்றாள். "அக்கா, என்ன கூட்டு ரோட்டுல வுட்டுட்றீங்களா?"

நான் பையை எடுக்க உள்ளே ஓடினேன். இரு, நானும் ஆட்டோ பிடித்து வந்துவிடுகிறேன் என்றேன்.

"நீ இன்னாத்துக்கும்மா? கையெழுத்துதான் போட்டுட்டியே" என்றாள் அனு. மோனிகா பேட்டரியைத் தூக்கிக் காலடியில் வைத்தாள். அனு பின்னால் ஏறி, ஃபைலை நடுவில் வைத்துக்கொண்டு, ஒரு கையை மோனிகாவின் தோளில் போட்டாள். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க இருவரும் போனார்கள். அந்தக் கையைப் பார்த்துவிட்டு இவர் ஏதாவது கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

கூட்டம் கலைந்தது. இவர் காரை அணைக்காமல், பிளாஸ்டிக் உறை போட்ட சீட்டில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வாசற்படியில் உட்கார்ந்து போனை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பதினொன்றே முக்காலுக்கு அவருடைய போனில்தான் சத்தம் வந்தது. எட்டிக் கொடுத்தார். 'சேந்துட்டேன்' என்று ஒரே ஒரு சொல். என் போனுக்கு ஒன்றும் வரவில்லை.

சாப்பிட்டாளா என்று கேளுங்கள் என்றேன். நீயே கேள் என்றார். எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதி மறுபடியும் அழித்தேன்.

என்னைப் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்.

"அப்பிடியே உன்ன மாதிரிதான் பாத்தா. நீ என்னப் பாப்பியே, அந்த மாதிரி."

சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போக அன்றைக்கு என்னால் முடியவில்லை.